சிலிண்டர் மாற்றிய பூட்டில் சாவி ஏன் சிக்கிக்கொள்கிறது?

வந்த கேள்வி இது. கடலோரத்தில் ஒரு குடோன். கதவில் கனமான ஸ்டீல் தொங்கு பூட்டு, நல்ல விலை கொடுத்து வாங்கியது. இருந்த இரண்டு சாவிகளில் ஒன்று, வேலையை விட்டுப் போனவரோடு போய்விட்டது. பூட்டையே மாற்ற மனமில்லாமல், சாவி நுழைந்து திரும்பும் பாகமான சிலிண்டரை மட்டும் வாங்கி, கேள்வி கேட்டவரே மாட்டியிருக்கிறார். முன்பெல்லாம் பூட்டைத் திறந்ததும் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்ளலாம். இப்போது திறந்த நிலையில் சாவி வெளியே வரவில்லை. சிலிண்டரைப் பிடித்திருக்கும் உள் ஸ்க்ரூவும் கடைசிவரை இறங்கவில்லை. "சிலிண்டர் தவறா, நான் மாட்டிய விதம் தவறா?" என்று கேட்கிறார்.

பதிலுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை: அந்தப் பூட்டைக் கொண்டியில் மாட்டி அமுக்கிவிடாதீர்கள். ஸ்க்ரூ சரியாக உட்காராத பூட்டு ஒருமுறை பூட்டிக்கொண்டால் மறுபடி திறக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம் அந்த ஸ்க்ரூவை நீங்கள் எட்டவும் முடியாது. அது இருப்பது ஷேக்கிள், அதாவது பூட்டின் மேலே வளைந்திருக்கும் கம்பி, இறங்கும் ஓட்டையின் அடியில்; பூட்டினால் ஷேக்கிளின் கால் அந்த ஓட்டைக்குள் இறங்கி அடைத்துவிடும். பிறகு கட்டிங் வீல்தான், நல்ல பூட்டு பாழ்.

சிலிண்டர் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால், சிலிண்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான தகடு, அதாவது வால், அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஏன் என்று புரிய வேண்டுமானால் பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த வகைப் பூட்டில் சாவி நேரடியாக ஷேக்கிளைப் பிடித்திருப்பதில்லை. ஷேக்கிளின் இரண்டு கால்களிலும் உட்பக்கமாக ஒவ்வொரு குழிவு இருக்கும். அந்தக் குழிவுகளில் இரண்டு ஸ்டீல் குண்டுகள், பால்ரஸ் குண்டு மாதிரி, பாதி நுழைந்து நிற்கும். குண்டுகளுக்கு நடுவே ஒரு உருளை. அதை ஆக்சுவேட்டர் என்பார்கள். ஆக்சுவேட்டரின் பருத்த பக்கம் குண்டுகளைப் பார்த்து நின்றால் குண்டுகள் வெளியே தள்ளப்பட்டு ஷேக்கிளைக் கவ்வும். அதுவே திரும்பி, செதுக்கிய பக்கம் குண்டுகளைப் பார்த்தால், அவை உள்ளே ஒதுங்கிக் கால்களை விட்டுவிடும். ஆக்சுவேட்டரின் அடியில் ஒரு பொளி இருக்கும். சிலிண்டரின் வால் அந்தப் பொளிக்குள் நுழைந்துதான் அதைத் திருப்புகிறது. சாவிக்கும் குண்டுகளுக்கும் இடையிலுள்ள ஒரே தொடர்பு அந்த வால்தான்.

ஸ்பிரிங் நாக்கு மட்டும் வைத்த மலிவுப் பூட்டை மெல்லிய தகட்டைச் செருகி நாக்கைத் தள்ளித் திறந்துவிடுகிறார்கள். குண்டு வைத்த பூட்டில் அது நடக்காது, ஏனென்றால் ஆக்சுவேட்டர் திரும்பாதவரை குண்டுக்கு ஒதுங்க இடமே இல்லை. நீங்கள் கொடுத்த விலையில் ஒரு பங்கு இதற்காகத்தான்.

சரி, இனி சாவி விஷயம். ஒரே கம்பெனி, ஒரே உருவம் கொண்ட பூட்டிலேயே இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தில் பூட்டு திறந்திருக்கும்வரை சாவி உள்ளேயே இருக்கும், பூட்டினால்தான் வெளியே வரும். ரயில்வே, மின்வாரியம் போன்ற இடங்களில் இதையே விரும்பி வாங்குவார்கள். பூட்ட மறந்துவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போக முடியாது அல்லவா? இரண்டாவது ரகத்தில் திறந்ததும் சாவியை எடுத்துவிடலாம், பூட்டும்போது அமுக்கினால் போதும். உங்களுடையது இரண்டாவது ரகமாக இருந்து, இப்போது முதல் ரகம் போல நடந்துகொள்கிறது.

இந்த வித்தியாசம் பெரும்பாலும் ஆக்சுவேட்டரில் இருக்கிறது. முதல் ரகத்தில் பொளி வாலைச் சிக்கென்று பிடித்திருக்கும். ஷேக்கிள் மேலே தூக்கியிருக்கும்போது நீளக் காலின் பருத்த பகுதி குண்டை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். குண்டு வழிவிடாததால் ஆக்சுவேட்டர் திரும்பி வர முடியாது, அதனால் வாலும் வராது, சாவியும் வராது. இரண்டாவது ரகத்தில் பொளி விரிந்திருக்கும். ஆக்சுவேட்டர் திறந்த நிலையிலேயே நிற்க, வால் மட்டும் அந்த விரிந்த இடத்துக்குள் ஏறத்தாழ கால் சுற்றுத் திரும்பி வந்து சாவியை விடுவிக்கும். ஷேக்கிளை அமுக்கியதும் ஆக்சுவேட்டரில் இருக்கும் ஸ்பிரிங் அதைத் திருப்பிக் குண்டுகளை வெளியே தள்ளும்.

இப்போது நீங்கள் மாட்டியதை நினைத்துப் பாருங்கள். புதிய சிலிண்டரைச் செருகும்போது சாவியைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு, "இப்படித் திருப்பினால்தான் உள்ளே போகிறது" என்று செருகினீர்களா? பலர் செய்வது அதுதான். புதிய சிலிண்டரில் வால் பழையதற்குக் குறுக்காக, அதாவது 90 டிகிரி தள்ளி, பொருத்தப்பட்டிருந்தால் சாவி நேராக இருக்கும்போது அது பொளிக்குள் சரியான இடத்தில் நுழையாது. திருப்பினால் நுழையும். ஆனால் வால் திரும்பி வருவதற்கென்று விட்டிருந்த இடம் அதற்குள் செலவாகிவிட்டது. சாவியை நேராக்கப் பார்த்தால் வால் பொளியின் ஓரத்தில் முட்டி நிற்கும். இதுதான் உங்கள் முதல் அறிகுறி.

ஸ்க்ரூ இறங்காததற்கு வாலின் நீளம் காரணமாக இருக்கலாம். கதவுப் பூட்டுக்கும் தொங்கு பூட்டுக்கும் பொதுவாகச் செய்யப்படும் சிலிண்டர்களில் வால் வேண்டுமென்றே நீளமாக வரும், அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. வெட்டாமல் மாட்டினால் வாலின் முனை பொளியின் தரையில் இடித்து, சிலிண்டர் ஓரிரு மில்லிமீட்டர் வெளியே துருத்தி நிற்கும். அந்த அளவு போதும், ஸ்க்ரூ பிடிக்க வேண்டிய இடம் விலகிப்போக. பூட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சிலிண்டரின் முகமோ அதை மூடும் தட்டோ உடம்போடு சமமாக இல்லாமல் நகத்தில் இடறினால் இதுவேதான் காரணம்.

ஆகவே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பூட்டு திறந்திருக்கிறது, அதனால் பயமில்லை. மேஜையில் வெள்ளைத் துணி ஒன்றை விரியுங்கள், உருண்டோடும் குண்டு அதில் தப்பாது. ஷேக்கிளைத் தூக்கி ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, குட்டைக் கால் இறங்கும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் ஸ்க்ரூவின் தலை தெரியும். உப்புக்காற்றுப் படும் பூட்டு என்றால் தலைக்குள் துருவும் மண்ணும் அடைந்திருக்கும். ஊசியால் சுரண்டி ஊதிவிட்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவரையோ ஆலன் கீயையோ வைக்க வேண்டும். சரியான அளவு கருவி தலைக்குள் ஆடாமல் உட்காரும். ஆடுகிறது என்றால் அது வேறு அளவு. அந்த ஆழத்தில் தலை மழுங்கிய ஸ்க்ரூவை எடுப்பது பெரிய தலைவலி. முறுக்கு அசையவில்லை என்றால் துரு நீக்கும் எண்ணெயைச் சொட்டுவிட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

ஸ்க்ரூ தளர்ந்ததும் பூட்டைச் சாவித்துளை மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து, சாவியைப் பிடித்தே சிலிண்டரை மெல்ல உருவுங்கள். சில பூட்டுகளில் சிலிண்டருக்குக் கீழே ஒரு மூடு தட்டும், துளையிட வருபவனின் டிரில் பிட்டை வழுக்கச் செய்ய ஒரு கடினமான தகடும் இருக்கும். எது மேலே, எது கீழே, எந்தப் பக்கம் எதைப் பார்த்தது என்று ஒவ்வொன்றையும் எடுக்கும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். அந்தக் கடினத் தகட்டை "எதற்கோ இருக்கிறது" என்று ஓரமாக வைத்துவிட்டுப் பூட்டை மூடியவர்கள் இருக்கிறார்கள். பூட்டு வழக்கம்போல வேலை செய்யும், டிரில்லுக்கு எதிரான பாதுகாப்பு மட்டும் போயிருக்கும்.

ஆக்சுவேட்டரை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதை வெளியே எடுத்தால் குண்டுகள் கழன்று உள்ளே விழும், ஷேக்கிளும் கையோடு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் குண்டுகளில் கொஞ்சம் கிரீஸ் தடவி அவற்றின் இடத்தில் ஒட்டிவைத்து, ஷேக்கிளை நுழைத்த பிறகு ஆக்சுவேட்டரை இறக்க வேண்டும். கிரீஸ் இல்லாமல் முயன்றால் பொறுமை போய்விடும்.

இப்போது பழைய சிலிண்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் சாவியைச் செருகி, சாவி வெளியே வரக்கூடிய நேர் நிலையில் நிறுத்துங்கள். வால் இரண்டிலும் ஒரே திசையில் கிடக்கிறதா? வேறு திசை என்றால் சிலிண்டரின் பின்னாலிருக்கும் மூடியையோ கிளிப்பையோ கழற்றி வாலை 90 டிகிரி திருப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள். பலவற்றில் முடியும். கழற்றும்போது சிலிண்டரின் நடு உருளை மட்டும் நழுவக்கூடாது, சாவியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். உருளை வெளியே வந்துவிட்டால் மேலிருக்கும் பின்களும் ஸ்பிரிங்குகளும் சிதறிவிடும், அப்புறம் அது பூட்டுக்காரரிடம்தான் போக வேண்டும். வாலின் அகலம், தடிமன், நீளம் மூன்றையும் வெர்னியர் வைத்து அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். நீளம் அதிகமானால் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள். ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள்.

ஏனென்றால் நீளமான வாலைவிடக் குட்டையான வால் ஆபத்து. நீளமாக இருந்தால் பூட்டு மூடாது, உடனே தெரிந்துவிடும். குட்டையாக இருந்தால் எல்லாம் அழகாக மூடிக்கொள்ளும், ஸ்க்ரூவும் இறங்கும். ஆனால் வால் பொளியின் வாயில் நுனிக்காலில் நின்றுகொண்டிருக்கும். சில நாள் திறக்கும், ஒருநாள் நழுவும். சாவி மட்டும் வெறுமனே சுற்றும். எப்படிப்பட்ட சாவிக்காரர் வந்தாலும் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

இதனால் பூட்டை அமுக்குவதற்கு முன்னால் ஒரு சோதனை கட்டாயம். சிலிண்டரை, சாவி நேராக இருக்கும் நிலையிலேயே, உள்ளே இறக்குங்கள். சரியான வால் என்றால் லேசாக அசைத்தாலே போய் உட்காரும். தட்டி ஏற்ற வேண்டிய தேவை வந்தால் ஏதோ தவறு. ஸ்க்ரூவை முறுக்குங்கள். முடிந்தவரை விரலால், கடைசிக் கால் சுற்றை மட்டும் கருவியால். ஷேக்கிளைத் திருப்பியே வைத்திருங்கள், அப்போது தவறிக்கூட பூட்டிக்கொள்ளாது. சாவியைத் திருப்பிக்கொண்டே டார்ச்சோடு குட்டைக் காலின் ஓட்டைக்குள் பாருங்கள். பக்கவாட்டில் பளபளவென்று குண்டின் முகம் தெரியும். சாவி முழுதாகத் திரும்பிய நிலையில் அந்தக் குண்டை ஒரு மெல்லிய கம்பியால் அழுத்தினால் அது உள்ளே ஒதுங்க வேண்டும். அடுத்து, சாவியை நேராக்கி உருவிப் பாருங்கள். இரண்டும் நடந்தால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது. ஒரு சாவியோடு நிறுத்தாமல், பாக்கெட்டில் வந்த எல்லாச் சாவிகளையும் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு கையில் வைத்தபடியே பத்து இருபது தடவை அமுக்கித் திறக்கலாம். கதவில் மாட்டுவது கடைசி வேலை.

இத்தனைக்குப் பிறகும் சாவி வரவில்லை என்றால், கடையில் கொடுத்தது வேறு ரகப் பூட்டுக்கான சிலிண்டர் என்று எடுத்துக்கொண்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். பூட்டின் மாடல் எண்ணை மட்டும் சொல்வது போதாது. பழைய சிலிண்டரையே கையில் கொண்டுபோங்கள்.

எந்தப் பூட்டுக்கு எந்தச் சிலிண்டர் என்பது இந்தத் தொழிலில் பாதி வேலை. உங்கள் பூட்டின் பெயர் கேள்வியில் இல்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். அமெரிக்கன் லாக்கின் 700 வரிசை, ஆபுஸ் 83 வரிசை போன்றவற்றில் நான் மேலே சொன்ன மாதிரி ஷேக்கிள் ஓட்டைக்குள் ஸ்க்ரூ. இதில் ஆபுஸ் 83 வேறு கம்பெனிகளின் கதவுச் சிலிண்டரையும் ஏற்கும்படி வரும். ஆனால் ஒவ்வொரு கம்பெனி சிலிண்டருக்கும் தனி அடாப்டர் உண்டு, ஒன்றுக்கானதை இன்னொன்றில் போட்டால் உங்களுக்கு வந்த அதே கதைதான். ஐரோப்பியப் பூட்டுகள் சிலவற்றில் பாதி யூரோ சிலிண்டர் போகும். சாவித்துளை மாதிரியே மேலே உருண்டை, கீழே குறுகிய தண்டு போன்ற வடிவம் கொண்டது அது. அதன் அளவை 30/10 என்று எழுதுவார்கள். பிடிப்பு ஸ்க்ரூவின் துளை நடுவிலிருந்து முகம்வரை 30 மில்லிமீட்டர், பின்பக்கம் 10. மொத்தம் 40 என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இதில் வாலுக்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒரு பல் துருத்தியிருக்கும், சாவி எடுக்கும் நிலையில் அந்தப் பல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது பூட்டுக்குப் பூட்டு மாறும். பல்லின் கோணத்தை மாற்றி வைத்துக்கொள்ளும் சிலிண்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஆப்லாய் தனி ஜாதி. பின்லாந்தில் எமில் ஹென்றிக்சன் 1907-ல் கண்டுபிடித்த சுழலும் வட்டத்தகடு முறை அதற்கு மூலம். பின்னும் ஸ்பிரிங்கும் இல்லாமல், சாவியின் வெட்டுக்கேற்பத் தகடுகள் ஒவ்வொன்றும் ஒரு கோணத்துக்குத் திரும்பும். ஸ்பிரிங் இல்லாததால் துருவிலும் தூசியிலும் பனியிலும் தாக்குப்பிடிக்கும். கடலோரக் குடோனுக்கு என்னைக் கேட்டால் இந்த வகையைத்தான் சொல்வேன், விலை கண்ணைக் கட்டினாலும். ஆனால் சிலிண்டரை அந்த மாடலுக்கென்றே வரவழைக்க வேண்டும்.

நம் வீடுகளில் வழக்கமாக இருக்கும் தொங்கு பூட்டுகளுக்கு இது எதுவும் பொருந்தாது. புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டானாலும் கோத்ரெஜ் நவ்தாலானாலும் உள்ளே இருப்பது லீவர்கள், அதாவது சாவி தூக்கிவிடும் தகடுகள், கழற்றி மாட்ட சிலிண்டர் கிடையாது. "என் நவ்தாலுக்குச் சிலிண்டர் மாற்றித் தருவீர்களா" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் புதுப் பூட்டு வாங்குங்கள் என்பதே பதில்.

விலை குறைந்த சிலிண்டரைப் போடலாமா என்றால், போடலாம், பூட்டு திறக்கும், மூடும். ஆனால் உடம்பு எவ்வளவு கெட்டியானாலும் திருடன் தேடுவது எளிதான வழியை. பூட்டின் மேலோ பெட்டியின் மேலோ ஈஎன் 12320 (தொங்கு பூட்டுகளுக்கான ஐரோப்பியத் தரநிலை) என்று போட்டு 1 முதல் 6 வரை ஒரு தரம் குறித்திருந்தால், அது கம்பெனி அனுப்பிய சிலிண்டரோடு முழுப் பூட்டையும் சோதித்துக் கொடுத்த தரம். நடைபாதைக் கடைச் சிலிண்டரை உள்ளே வைத்த பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. சாவிக்கு அடையாள அட்டையோடு வரும் சிலிண்டராக வாங்குங்கள். அட்டையைக் காட்டினால்தான் கம்பெனி இன்னொரு சாவி வெட்டித் தரும். வேலையாள் ஒருவர் சாவியோடு போய்விட்ட கதையில் தொடங்கிய உங்களுக்கு இதுதான் முக்கியம். அட்டையைச் சாவிக்கொத்தோடு சேர்த்து ஆணியில் மாட்டாமல் வீட்டு பீரோவில் வையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஊற்றிய அன்றைக்கு வெண்ணெயாகத் திரும்பும், கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகிப் பின்களை ஒட்டவைத்துவிடும். பின் வைத்த சிலிண்டருக்கு கிராஃபைட் பவுடரோ டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரேயோ போதும், இரண்டையும் கலக்காதீர்கள். வட்டத்தகடு வகைக்கு கம்பெனி சொல்லும் இலேசான எண்ணெய். குண்டுகளுக்கும் ஷேக்கிள் கால்களுக்கும் மெல்லிசாக கிரீஸ். உங்கள் ஊர்க் காற்றுக்கு இன்னொன்றும் செய்யுங்கள்: அந்தப் பிடிப்பு ஸ்க்ரூவின் மரையில் துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள். அடுத்த முறை சிலிண்டர் மாற்றும்போது அது கழன்று வர வேண்டும்.

பழைய சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாவி ஒன்று வெளியே இருப்பதால் அதே கதவுக்கு அது உதவாது, வேறு எங்கும் பாதுகாப்புக்கென்றும் போட வேண்டாம். ஆனால் வாலின் அளவு பார்க்கவும், கடைக்காரரிடம் மாதிரி காட்டவும் வேண்டியிருக்கும். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி, அட்டை இருக்கும் அதே பீரோவில் போட்டுவையுங்கள்.